தூக்க வருகிறவர்கள்

தென்காசியில் நல்ல மனசுக்குப் பஞ்சமே இல்லை. என் ஸ்கூட்டரை எந்த வாசலில் நிறுத்தினாலும், நான் இன்ஜினை அணைப்பதற்குள் இரண்டு பேர் பக்கத்தில் வந்துவிடுவார்கள். "எக்கா, தூக்கணுமா?" பேங்க் வாசல், ஆஸ்பத்திரி வாசல், ஜவுளிக்கடை வாசல் என்று எல்லா இடத்திலும் படி இருக்கிறது. ஒவ்வொரு படிக்குக் கீழேயும் நாலு நல்ல மனசு நிற்கிறது. படியை என்ன செய்யலாம் என்று யோசிக்கிறவர் மட்டும் ஒருவர்கூடக் கிடையாது.

எனக்கு இரண்டு வயதில் போலியோ வந்தது. இப்போது நாற்பதை நெருங்குகிறேன். வெளியே போக இரண்டு பக்கமும் கூடுதல் சக்கரம் வைத்த ஸ்கூட்டர். பின்னால் மடக்கிக் கட்டிய சக்கர நாற்காலி. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு இ-சேவை மையம் நடத்துகிறேன். சாதிச் சான்று, வருமானச் சான்று, பட்டா மாறுதல், முதியோர் பென்ஷன் என்று ஊருக்கெல்லாம் விண்ணப்பம் போடுவது என் பிழைப்பு. தனி மாவட்டம் ஆனதிலிருந்து கூட்டம் கூடிவிட்டது. கடைக்கு வருகிறவர்கள் எதற்கும் பொறுமையாக இருந்து நான் பார்த்ததில்லை. ஒரு பெயரில் ஒரு எழுத்து மாறிவிட்டால் மேஜையைத் தட்டுகிறார்கள். அவர்களே வெளியே போகும்போது என் நாற்காலியைப் பார்த்துவிட்டு, "எல்லாம் மெல்ல மெல்ல மாறும்மா" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போகிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இதையெல்லாம் பரிதாபத்துக்காகச் சொல்லவில்லை. பரிதாபம் எனக்கு வேண்டிய மட்டும் கிடைத்தாகிவிட்டது. வைத்துக்கொள்ள வீட்டில் இடமில்லை.

சின்ன வயதில், சாரல் தொடங்கியதும் அப்பா என்னைக் குற்றாலத்துக்குக் கொண்டுபோவார். அருவித் தண்ணீர் மேலே விழுந்தால் நரம்புக்கு உயிர் வரும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். பெண்கள் குளிக்கும் பக்கம் ஆண்கள் வரக்கூடாது இல்லையா? அதனால் கம்பித் தடுப்பு வரைக்கும் அப்பா தூக்குவார். அதற்கப்புறம் அம்மாவும், முகம் தெரியாத இரண்டு பெண்களும். அந்தப் பெண்கள் என்னைத் தூக்கிக்கொண்டே அம்மாவிடம் கேட்பார்கள், "பிறவியிலயேவா? இல்ல நடுவுல வந்ததா?" நான் அவர்கள் கையில் இருக்கிறேன், என்னிடம் கேட்கமாட்டார்கள். ஆனாலும் அருவி எனக்குப் பிடிக்கும். தலையில் அந்தத் தண்ணீர் விழும்போது காது அடைத்துப்போகும். ஒருத்தர் பேசுவதும் கேட்காது. அதற்காகவே பிடிக்கும்.

அப்பா இறந்த பிறகும் போனோம். நான் கல்லூரியில் சேர்ந்த வருஷம், வீட்டுக்கு வேண்டியவர் ஒருவர் என்னைத் தூக்கினார். ரொம்ப நல்ல மனுசர். இன்றைக்கும் ஊரில் அவருக்கு அப்படித்தான் பெயர். அன்றைக்கு அவர் கை எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். கத்தினால் கீழே போட்டுவிடுவார், கீழே பாறை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "தூக்கும்போது கை அங்கன இங்கன படத்தாம்ட்டி செய்யும். இதைப் போயிப் பெருசு பண்ணாத" என்றாள். அதோடு நான் அருவிக்குப் போவதை நிறுத்திவிட்டேன். அவர் வருஷா வருஷம் போய்க்கொண்டுதான் இருக்கிறார்.

இனிமேல் என்னை யாரும் தூக்கக்கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். இதற்குச் சொந்தக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் திமிர்.

தம்பிக்குச் செங்கோட்டைப் பக்கம் பெண் அமைந்தது. ஆனி மாதக் கல்யாணம். எங்கள் வழக்கத்தில் மாப்பிள்ளை தாலியில் ஒரு முடிச்சுத்தான் போடுவான். மற்ற இரண்டு முடிச்சையும் அவன் உடன்பிறந்தவள் போடவேண்டும். அவனுக்கு உடன்பிறந்தவள் நான் ஒருத்திதான். அவன் டவுசர் போட்டுத் திரிந்த காலத்திலேயே, "ஏலே, ஒம் பொண்டாட்டி தாலியில ரெண்டு முடிச்சு எனக்குள்ளது. என்னையக் கேக்காம எவளையும் கட்டிராத" என்று மிரட்டி வைத்திருந்தேன். எனக்குக் கல்யாணம் ஆகாது என்று எல்லோரும் கூடி எப்போதோ முடிவுகட்டிவிட்டார்கள். என்னைக் கேட்காமல் எடுத்த முடிவுகளில் அதுவும் ஒன்று. ஆக, ஒரு கல்யாண மேடையில் எனக்கென்று இருந்தது அந்த இரண்டு முடிச்சு மட்டும்தான். அதை நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

குற்றாலம் போகிற ரோட்டில் ஒரு மண்டபம் பேசினார்கள். வாசலில் பிரச்சினை இல்லை, ஒரு பலகை போட்டால் நாற்காலி உள்ளே போய்விடும். மணமேடைதான் இரண்டடி உயரம், நான்கு படி. மண்டபத்துக்காரரிடம் நானே போய்ப் பேசினேன்.

"ஒரு முகூர்த்தத்துக்காவ ரேம்ப் கட்டச் சொல்லுதியேம்மா. நாலு பயலுவள நிறுத்துதேன். பூ மாதிரி தூக்கி மேடையில வச்சிருவானுவ" என்றார்.

"தூக்க வேண்டாம் மொதலாளி. நான் ஏறி வரணும். சட்டமே இருக்கு."

"சட்டம் எல்லாத்துக்குந்தாம்மா இருக்கு. மனசு வேணும்லா. எங்களுக்கு மனசு இருக்கு. நீ கவலையே படாத."

மனசு இருக்கிறதாம். மண்டபம் கட்டியபோது அந்த மனசு எங்கே போயிருந்தது என்று கேட்டேன். அவர் முகம் மாறிவிட்டது. வீட்டுக்கு போன் போட்டு, உங்கள் பெண் மரியாதை இல்லாமல் பேசுகிறாள் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் வீட்டில் பஞ்சாயத்து. பெரியப்பா வந்திருந்தார். "ஒரு நாள் பொறுத்துக்கிட்டா என்ன கொறஞ்சா போயிருவ? ஊர் ஒலகம் ஒன் இஷ்டத்துக்கு ஒரே நாள்ல மாறிருமா? தானா மாறும், பொறு" என்றார்.

அவர் சொன்னதைக் கேட்டு எனக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. ஊர்க் கோயில் கொடைவிழாவில் எங்கள் குடும்பத்துக்குத்தான் முதலில் பரிவட்டம் கட்டவேண்டும் என்று வக்கீல் வைத்துக் கோர்ட்டு கோர்ட்டாக அலைந்த மனுசர் அவர். தலையில் சுற்றுகிற ஒரு துண்டுத் துணி. அது இரண்டாவதாகக் கிடைத்த வருஷம் வீட்டில் அடுப்பு எரியவில்லை. ஊர்க்காரர்கள் மனசு தானாக மாறட்டும் என்று அவர் ஒரு கொடைக்குக்கூடப் பொறுக்கவில்லை. அதைச் சொன்னேன்.

"அதுவும் இதுவும் ஒண்ணா? அது பரம்பரை உரிமை" என்றார்.

"இது?"

"இது ஒன் பிடிவாதம்."

அம்மா ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்ததை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்காரர்களை விடுங்கள். என்னை உண்மையிலேயே தடுமாற வைத்தவர் சங்கத்து அண்ணாச்சி. எங்களைப் போன்றவர்களுக்காக ஊரில் இருக்கும் சங்கத்தை அவர்தான் நடத்துகிறார். அவருக்கும் போலியோதான், அறுபது வயது. முன்பு டெலிபோன் பூத் வைத்திருந்தார், இப்போது செல்போன் ரீசார்ஜ் கடை. கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டியில் வருவார். வண்டியை விட்டு இறங்க வேண்டிய இடம் வந்தால் சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் யாராவது ஓடிவந்து தூக்குவார்கள். அரசு கொடுத்த சக்கர நாற்காலி ஒன்று அவர் வீட்டில் பாலிதீன் உறைகூடக் கிழிக்காமல் கிடந்தது. "அது கெடக்கட்டும், பயலுவ தூக்கிருவானுவ" என்பார்.

நான் கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கப்போவதைக் கேள்விப்பட்டு அவரே கடைக்கு வந்தார்.

"வேண்டாம்ட்டி மக்கா. சொன்னாக் கேளு. சிரிச்சா தூக்குவான், மொறச்சா விட்டுட்டுப் போயிருவான். நான் அறுவது வருசம் பாத்துட்டேன்."

"அறுவது வருசமா சிரிச்சு என்ன அண்ணாச்சி கெடச்சிச்சு?"

"ஏன், முந்தி நம்மள நொண்டின்னான். இப்ப மாற்றுத்திறனாளிங்கான். மாறுதுல்லா?"

"பேரு மாறிட்டு. படி அப்படியேதான இருக்கு?"

அவர் கோபப்படவில்லை. அவருக்குக் கோபமே வராது, அதுதான் எனக்கு எரிச்சல். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "நீ மனு போட்டு ஜெயிச்சிருவ. ஒனக்குக் கம்ப்யூட்டர் தெரியும், பேசத் தெரியும். நாளைக்கு ஒரு பிள்ள பஸ்ஸுல ஏற முடியாம நிப்பா. கண்டக்டரு ஒன்னைய நெனச்சுக்கிட்டு, நமக்கு எதுக்கு வம்புன்னு விசில ஊதிட்டுப் போயிருவான். அந்தப் பிள்ளைக்கு என்ன சொல்லுவ?"

கேட்டுவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். ஆலங்குளத்திலிருந்து ஒரு மாணவி அப்போது என் கடைக்கு வருவாள், ஒரு காலில் காலிபர், அதாவது இரும்புப் பட்டை, போட்டு நடக்கிறவள். அவளைப் பார்க்கும்போதெல்லாம் அண்ணாச்சி சொன்ன கண்டக்டர் ஞாபகத்துக்கு வந்து என்னை வதைத்தான். பிறகு ஒரு நாள் அவளிடமே கேட்டேன், கண்டக்டர் நிறுத்தி ஏற்றிக்கொள்கிறாரா என்று. "நல்லவங்களா இருந்தா நிறுத்துவாங்கக்கா. இல்லன்னா அடுத்த பஸ்ஸு" என்றாள். நான் மனுவே போடாத காலத்திலும் அவளுக்கு அடுத்த பஸ்தான். அன்றைக்கே உட்கார்ந்து மனுவை அடித்தேன்.

ஊருக்கெல்லாம் அடிப்பதை எனக்கே அடிப்பது புதிதாக இருந்தது. திங்கள்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் வரிசையில் நின்று கொடுத்தேன். நின்று என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன், உட்கார்ந்துதான். ஒரு மனுவில் நடக்கவில்லை. மறுபடி போனேன், மறுபடியும் போனேன். கடைசியில் அதிகாரி ஒருவர் மண்டபத்தை வந்து பார்த்துவிட்டு, லைசென்ஸ் புதுப்பிக்க வரும்போது இதைக் கேட்போம் என்று சொல்லிவிட்டுப் போனார். மறுவாரமே கொத்தனார் வந்துவிட்டார். மனசால் முடியாததை லைசென்ஸ் ஒரு வாரத்தில் முடித்துவைத்தது.

கொத்தனார் முதலில் கட்டியது சறுக்குமரம். ஏறினால் நாற்காலியோடு மல்லாந்து விழவேண்டியதுதான். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்று சொல்லி உடைக்க வைத்தேன். "மண்டபம் பூரா ஒன் ரேம்ப்புதான் இருக்கும் போல" என்று மண்டபத்துக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். கடைசியில் மேடையின் இடது பக்கச் சுவரை ஒட்டி, நீளமாக, நான் கேட்ட மாதிரியே சாய்தளம் வந்தது. சிமெண்டு காய்ந்ததும் யாருமில்லாத மத்தியானத்தில் ஏறிப் பார்த்தேன். கை வலிக்காமல் ஏறியது. வெறும் மேடைக்கு மேலே போய் நின்று காலி மண்டபத்தைப் பார்த்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு மண்டபத்தை மேடை மேலேயிருந்து பார்த்தது அதுதான் முதல் தடவை.

கல்யாணத்தன்று அரக்கு நிறப் பட்டு உடுத்திக்கொண்டு, காலையிலேயே மண்டபத்துக்குப் போய்விட்டேன். பெண்ணழைப்பு, வரவேற்பு, வந்தவர்களுக்குச் சந்தனம் என்று வாசலில் என்னை உட்கார வைத்திருந்தார்கள். முகூர்த்தம் நெருங்கியதும் தம்பி மேடையிலிருந்து கையைக் காட்டினான். நாற்காலியைத் திருப்பிக்கொண்டு இடது பக்கம் போனேன்.

சாய்தளத்தின் மேல் ஸ்பீக்கர் பெட்டிகள் அடுக்கியிருந்தன. ஆள் உயரத்துக்கு, ஒன்றின் மேல் ஒன்றாக, கீழேயிருந்து மேல்வரைக்கும். சந்து விட்ட இடத்தில் வயர் சுருள்களும் மின்விசிறி ஒன்றும். மெல்லிசைக் கச்சேரிக்காரர்களுக்கு இடம் வேண்டுமே. மண்டபத்தில் சும்மா கிடந்த இடம் அவர்கள் கண்ணுக்கு அதுதான்.

"பாக்ஸ எடுங்க" என்று கத்தினேன். பாட்டுச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. சவுண்டு சர்வீஸ்காரன் மட்டும் கேட்டுவிட்டு, "இப்ப எடுத்தா மொத்த கனெக்‌ஷனும் போயிரும்க்கா" என்றான். அதற்குள் மாமன்மார், சித்தப்பாமார் நான்கு பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்துவிட்டார்கள். "நேரமாயிட்டு, பிடிலே, அந்தப் பக்கம் பிடி" என்று ஒருவர் என் நாற்காலியின் கையைப் பிடித்தார்.

"தொடாதீங்க" என்றேன்.

"ஏட்டி, முகூர்த்தம் போவுது!"

"பாக்ஸ எடுங்க. நான் ஏறிக்கிடுவேன்."

நான்கு பேரும் என்னைப் பார்த்த பார்வையை மறக்கமாட்டேன். நல்ல மனசு நான்கும் ஒரே நொடியில் திரிந்துபோனது. உதவி வேண்டாம் என்று சொன்னால் அடுத்து வருவது வெறுப்புத்தான். அண்ணாச்சி சொன்னது அந்த அளவுக்கு உண்மை. ஆனால் மறுத்த மறுகணம் வெறுப்பாகிற ஒன்றை நல்ல மனசு என்று ஏன் சொல்லவேண்டும்? கேட்க ஆசைதான். அங்கே யார் காதில் விழும்?

அப்போதுதான் மேடையைப் பார்த்தேன். பெரியப்பா மகள் மேலே நின்றுகொண்டிருந்தாள். வீரகேரளம்புதூரில் கட்டிக்கொடுத்தவள், முதல் நாளே வந்துவிட்டவள். தலை நிறையப் பூ, நெற்றியில் புதுக் குங்குமம், என் சேலைக்கு ஜோடியாக எடுத்ததுபோல அதே அரக்கு நிறப் பட்டு. தாலி எடுத்ததும் அவள் பெண்ணுக்குப் பின்னால் போய் நின்ற வேகத்தைப் பார்த்தபோது எனக்கு விளங்கிவிட்டது. இது கடைசி நேரத்து ஏற்பாடு இல்லை. அவளுக்கு முன்பே சொல்லி வைத்திருக்கிறார்கள்.

கெட்டிமேளம் கொட்டியது. தம்பி ஒரு முடிச்சுப் போட்டான். ஒரு தடவை கீழே என்னைப் பார்த்தான். பிறகு விலகிக்கொண்டான். என் இரண்டு முடிச்சையும் அவள் போட்டாள். எல்லோரும் என் தலைக்கு மேலே அட்சதை வீசினார்கள். பாதி மேடைக்குப் போகாமல் என் மடியில் விழுந்தது.

சாப்பாட்டுக்கு முன்பு மொய் எழுதி போட்டோ எடுக்கும் வரிசை. சங்கத்து அண்ணாச்சியும் வந்திருந்தார். வழக்கம்போலச் சிரித்தார். நான்கு இளவட்டங்கள் அவரை அலாக்காகத் தூக்கிப் படியேறினார்கள். மூன்றாவது படியில் ஒருவன் கால் தடுக்க, அவர் வேட்டி அவிழ்ந்து நழுவியது. மெலிந்த இரண்டு காலும் தொடை வரைக்கும் அத்தனை பேருக்கு முன்னால் தெரிந்தது. சிலர் சிரித்தார்கள், சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவரும் சிரித்தார். போட்டோவுக்கும் சிரித்தார். கீழே கொண்டுவந்து வைத்த பிறகு, ஒரு மூலையில் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, வேட்டியை அவிழ்த்து அவிழ்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டே இருந்தார். நான் பக்கத்தில் போகவில்லை. அவர் முகத்தை அப்போது யாரும் பார்க்கக்கூடாது என்று தோன்றியது.

மறுநாள் விருந்தாளிகளை எல்லாம் வேனில் ஏற்றிக் குற்றாலம் போனார்கள். புதுப்பெண் கூப்பிட்டாள் என்பதற்காக நானும் ஸ்கூட்டரில் பின்னால் போனேன். நல்ல சாரல். எல்லோரும் குளிக்கப் போய்விட்டார்கள். நான் வண்டிகள் நிறுத்துமிடத்தில், பழக்கடை ஓரமாக, ஸ்கூட்டரிலேயே உட்கார்ந்திருந்தேன். சத்தம் மட்டும் அங்கே வரைக்கும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் ஈரச்சேலையோடு அம்மா வந்தாள். கையில் ஒரு தண்ணீர் பாட்டில்.

"அருவித் தண்ணி பிடிச்சிட்டு வந்தேன். தலையில தெளிச்சுக்கோ."

அந்த பாட்டிலைப் பார்த்ததும் எனக்குள் எதுவோ அறுந்துவிட்டது. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பந்தியில் என்னை உட்காரவிடாமல், "நீ அங்கனயே இரு, எலைய இங்க கொண்டு வாரோம்" என்பார்கள். இப்போது அருவியையும் கொண்டுவந்துவிட்டாள்.

"அவளுக்கு எப்ப சொல்லி வச்ச?" என்று கேட்டேன்.

யாருக்கு என்று அம்மா கேட்கவில்லை. "சேலை எடுக்கும்போதே" என்றாள்.

"ரேம்ப் கட்டிட்டாங்கன்னு தெரிஞ்ச பொறவும்?"

"கட்டுனா என்னட்டி? ஏதாச்சும் ஆயிருமோன்னு பயம். அத்தனை பேருக்கு முன்னால நீ சண்டை போட்டு முகூர்த்தம் தப்பிட்டுன்னா? அவன் நல்லா இருக்கணும்லா?" அழுதாள். "எனக்கு நீயும் பிள்ளைதான். ஒன்னையத் தூக்கித் தூக்கி என் இடுப்பு போச்சு. நான் என்ன கொற வச்சேன்?"

"தூக்கினேன், தூக்கினேன்னு சொல்லாத. நான் ஏறிருவேன்னு ஒரு நாளாச்சும் நெனச்சியா?"

அவள் கையிலிருந்த பாட்டிலை வாங்கினேன். மூடியைத் திறந்து தண்ணீரை ரோட்டில் ஊற்றினேன். பழக்கடைக்காரர் பார்த்தார். பார்க்கட்டும். எனக்கு இன்றைக்கும் அதில் வருத்தம் கிடையாது.

அடுத்த வருஷம் சாரலுக்கு முன்பே தம்பிக்குப் பெண் குழந்தை பிறந்தது. பெயர் வைக்கும் விழாவும் அதே மண்டபத்தில்தான். எங்கள் வீட்டில் குழந்தையின் காதில் பெயரை மூன்று முறை சொல்லவேண்டியவள் அத்தை. அத்தை நான்தான். "அக்கா, இந்தத் தடவை நான் பாத்துக்கிடுதேன்" என்று தம்பி சொன்னான். நான் அவனை நம்பவில்லை என்று வெளிப்படையாகவே சொன்னேன். அவன் நல்லவன்தான். நல்லவர்களை நம்பி ஒரு தடவை கீழே நின்றது எனக்குப் போதும்.

அன்று சவுண்டு சர்வீஸ்காரன் வருவதற்கு முன்பே மண்டபத்துக்குப் போனேன். ஆட்கள் சாமான் இறக்கும் பெரிய கதவு வழியாக ஸ்கூட்டரையே உள்ளே ஓட்டிக்கொண்டு போய், சாய்தளத்தின் அடியில் குறுக்கே நிறுத்தி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். நாற்காலியில் இறங்கி, வண்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். அதே பையன் பெட்டியோடு வந்தான்.

"எக்கா, வண்டிய எடுங்க. பாக்ஸ் வைக்கணும்."

"வேற எங்கயாச்சும் வையி."

"வேற எங்கன எடம் இருக்கு?"

"அது ஒன் பாடு."

அவன் போய் மண்டபத்துக்காரரைக் கூட்டிவந்தான். அவர் என்னைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். முகம் வேப்பங்காயைக் கடித்ததுபோல ஆயிற்று. "இவ கலெக்டர் ஆபீசுக்குப் போயிருவாலே. பாக்ஸத் தூக்கி அந்தப் பக்கம் வை" என்றார். நான் கேட்கும்படியாகத்தான் சொன்னார். "ஒரு விசேசத்த நிம்மதியா நடத்த விடமாட்டா" என்று இன்னொன்றும் சொன்னார். பெரியப்பா வந்து பார்த்துவிட்டு, "வந்ததும் ஆரம்பிச்சிட்டியா" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார். பெரியப்பா மகள் இந்த முறையும் புதுப்பட்டோடு மேடை ஓரத்தில் தயாராக நின்றாள்.

ஒருத்தர் மனசும் மாறவில்லை. பெட்டி மட்டும் அந்தப் பக்கம் போயிற்று. அவர்கள் திட்டிக்கொண்டே நகர்த்தினார்கள், முணுமுணுத்துக்கொண்டே வழிவிட்டார்கள். எனக்கு அது தாராளமாகப் போதும். இவர்கள் மனசு மாறும்வரை நான் பொறுத்திருந்தால், தம்பி பிள்ளைக்கு ஒரு பிள்ளை பிறந்து அதற்குப் பெயர் வைக்கும்போதும் கீழேதான் உட்கார்ந்திருப்பேன். அவர்களுக்கு என்னைப் பிடிக்கவேண்டாம். வழியில் பெட்டி வைக்காமல் இருந்தால் சரி.

நேரம் வந்ததும் தம்பியே வந்து என்னிடம் சாவி வாங்கி ஸ்கூட்டரை நகர்த்தினான். நாற்காலியைத் தள்ளக் கையை நீட்டிவிட்டு, என் முகத்தைப் பார்த்துக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். நான் ஏறினேன். பாதி வழியில் மூச்சு வாங்கியது, நின்று ஏறினேன். அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தொட்டிலில் குனிந்து குழந்தையின் காதில் பெயரை மூன்று முறை சொன்னேன். அது கொட்டாவி விட்டது. அம்மா தொட்டிலின் அந்தப் பக்கம் நின்றாள். பெரியப்பா மகளைப் பார்த்து, "நீ போய் பந்தியைக் கவனி" என்றாள்.

நிமிர்ந்தபோது, மேடைக்குக் கீழே ஏதோ சலசலப்பு. சங்கத்து அண்ணாச்சி வந்திருந்தார். மூன்று சக்கர வண்டியில் இல்லை. வீட்டில் சும்மா கிடந்த அந்தச் சக்கர நாற்காலியில். கைப்பிடியில் பாலிதீன் உறை இன்னும் பாதி தொங்கிக்கொண்டிருந்தது. அவரைப் பார்த்ததும் வழக்கம்போல இரண்டு பையன்கள் ஓடிவந்து ஆளுக்கொரு பக்கம் பிடித்துவிட்டார்கள். "பெரியவரே, நேரா படி வழியா தூக்கிருதோம்" என்றான் ஒருவன்.

அண்ணாச்சி சிரிக்கவில்லை. அவர் சிரிக்காமல் நான் பார்த்ததே இல்லை. சாய்தளத்தைக் கீழிருந்து மேல்வரை ஒரு தடவை பார்த்தார். வேட்டியை இரண்டு காலுக்கும் அடியில் இறுக்கிச் செருகிக்கொண்டார்.

"கைய எடுங்கலே" என்றார்.

பையன்களுக்குப் புரியவில்லை. சிரித்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தார்கள்.

"கைய எடுங்கலேங்கேன்!"

மண்டபம் முழுவதும் கேட்டது.